நட்சத்திரக் குறி போட்ட கட்டம்

ஆபீசில் அவனுக்குச் சல்லடை என்று பெயர். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவனோ அதைப் பட்டம் வாங்கியவன் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தான். இணையப் படிவத்தில் ஊர் உலகம் எதை எழுதி அனுப்பினாலும், அது உள்ளே போவதற்கு முன்னால் சரிதானா என்று பார்த்து விடுவது அவன் வேலை. மலையைப் புரட்டுகிற வேலை ஒன்றும் இல்லை. ஆபீசில் பயன்படுத்திய ஃபிரேம்வொர்க் என்ற ஆயத்த மென்பொருளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வரி விதி எழுதினால் போதும். கட்டாயம், எண்கள் மட்டும், பத்து இலக்கம் என்று எழுதிவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒத்துவராததைத் திருப்பி அனுப்பி, கட்டத்துக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி போட்டுக் காட்டும். கட்டாயமான கட்டத்தின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி வைக்கும். அவ்வளவுதான் சமாசாரம். அவன் பேசுவதைக் கேட்டால் மட்டும், கோட்டை வாசலில் வேலோடு நிற்கிற ஆள் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அவனுக்கு இன்னொரு திறமையும் உண்டு. யார் மாதிரி வேண்டுமானாலும் பேசிக் காட்டுவான். மேனேஜர் மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பது, லிஃப்டில் வருகிற வக்கீல் போனில் கத்துவது எல்லாம் அவனிடம் கைவசம் இருந்தது. இந்த இரண்டு திறமையும் சேர்ந்து பெற்ற பிள்ளைதான் வெள்ளிக்கிழமை 'கப்பி வாசிப்பு'.

சல்லடையில் மாவு இறங்கிய பிறகு மேலே தங்குவது கப்பி. அந்த வாரம் படிவம் திருப்பி அனுப்பியவற்றில் வேடிக்கையானவற்றைப் பொறுக்கி, அச்செடுத்து, வெள்ளிக்கிழமை நாலு மணி டீக்கு எல்லோரும் கூடும்போது அவன் வாசிப்பான். திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வொன்றும் பதிவேட்டில் விழும். பெயரும் முகவரியும் புள்ளிகளாக மறைந்திருக்கும். விண்ணப்ப எண்ணும், தப்பாக எழுதியதும் மட்டும் தெரியும். பிறந்த தேதி என்ற இடத்தில் 'மழைக்காலம்' என்று ஒருவர் எழுதியிருப்பார். மின்னஞ்சல் என்ற இடத்தில் 'தபாலில் அனுப்பவும், நாய் கடிக்காது' என்று இன்னொருவர் எழுதியிருப்பார். அவரவர் குரலைக் கற்பனை பண்ணி அவன் வாசித்தால், டீ மூக்கில் ஏறுகிற அளவுக்குச் சிரிப்பார்கள். அந்த வாரத்தின் சிறந்த கப்பி, காபி மிஷினுக்குப் பக்கத்திலுள்ள பலகையில் குத்தப்படும்.

யாரையும் புண்படுத்துகிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பேர் தெரியாத ஆளை எப்படிப் புண்படுத்துவது?

இந்த வருஷம் கைக்கு வந்தது பெரிய வேலை. நகரத்தின் எல்லாப் பொதுப் பள்ளிகளுக்கும் சேர்த்து, முதல் வகுப்புச் சேர்க்கைக்கு ஒரே படிவம். குலுக்கலில் இடம். படிவம் போகாத பிள்ளைக்குக் குலுக்கலும் இல்லை, பள்ளியும் இல்லை. கல்வி அலுவலகம் கொடுத்த தாளில் பெயர், வயது, தாயின் கைபேசி எண், தந்தையின் கைபேசி எண் என்று வரிசையாக இருந்தது. எது கட்டாயம், எது இல்லை என்று ஒன்றும் சொல்லவில்லை. சல்லடையிடம் யாராவது அப்படி விடுவார்களா? எல்லாவற்றுக்கும் கட்டாயம் போட்டான். தந்தையின் எண்ணுக்கு ஒரு படி மேலே போனான். தாயின் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்கக் கூடாது, ஒரே இலக்கம் பத்துத் தடவை வரக் கூடாது, இரண்டு எண்ணுக்கும் ஆறு இலக்கக் குறியீடு போகும், பத்து நிமிஷத்துக்குள் இரண்டையும் போட்டால்தான் விண்ணப்பம் செல்லும். போதாக்குறைக்கு, உள்ளே தகவலைச் சேர்த்துவைக்கிற அட்டவணையிலும் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்று இன்னொரு பூட்டு.

அப்போதே ஒருத்தி கேட்டாள். டெஸ்டர். எதைக் கொடுத்தாலும் ஒரு குறை கண்டுபிடிப்பாள் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு நொட்டை என்று பெயர். குறை கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம் என்பதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுவார்கள்.

"அப்பா இல்லாத பிள்ளைங்க என்ன பண்ணும்?" என்று கேட்டாள்.

"அப்பா இல்லாம பிள்ளை எங்கேருந்து வரும்? எனக்கும் சொல்லிக் கொடுங்க" என்றான் அவன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு இடத்துக்குப் போய்விட்டாள். அவள் எழுதிவைத்த குறிப்பின் கீழே 'தேவையில்லை' என்று போட்டு அவன் மூடிவிட்டான்.

படிவம் வெளியானதும் அக்காவுக்குப் போன் பண்ணிப் பீற்றிக்கொண்டான். அக்கா மகளுக்கும் இந்த வருஷம் முதல் வகுப்பு.

"நான் செஞ்ச ஃபார்ம்தான்க்கா. மாமாவ உக்காந்து போடச் சொல்லு, அஞ்சு நிமிஷ வேலை."

"சரிடா, அவர்கிட்ட சொல்றேன். பாப்பாவுக்கு இடம் கிடைச்சிட்டா எனக்கும் நல்லது. மருந்துக் கடையில வேலை தர்றேன்னு சொல்லியிருக்காங்க. பகல்ல பாப்பா ஸ்கூல்ல இருந்தாத்தான் முடியும்."

"உனக்கு எதுக்குக்கா வேலை? மாமா சம்பாதிக்கிறது போதாதா?"

"வீட்டுலேயே கெடந்து போர் அடிக்குதுடா" என்றாள் அக்கா. மாமா எட்டு மாதமாக வெளியூரில் இருந்தார். மாற்றல் என்று அக்கா சொல்லியிருந்தாள். அவன் வேறு எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குப் படிவம் மூடும். அன்றைக்கு நாலு மணி டீக்கு வழக்கத்தைவிடக் கூட்டம். மேடம்கூட பிஸ்கட்டோடு வந்து ஓரமாக நின்றார். அவன் கையில் ஏழெட்டுத் தாள். கடைசித் தாளைத் தூக்கிக் காட்டி, "இந்த வருஷத்தோட மகுடம் இது. நாலு பதினேழுன்னு முடியற நம்பர். ஒரே கட்டத்துல ஏழு தடவை. விடாமுயற்சிக்கு விருது குடுக்கலாம்" என்றான்.

கட்டம் எது என்று கேட்க வேண்டுமா? தந்தையின் கைபேசி எண்தான்.

"முதல் தடவை காலி. ரெண்டாவது, அம்மாவோட நம்பரையே போட்டுப் பார்த்திருக்காங்க. சல்லடையா கொக்கா, விடுமா? மூணாவது, பத்து சைபர்." சிரிப்பு. அவன் கையைத் தூக்கி அமைதி கேட்டான். பிறகு தோளைக் குறுக்கிக்கொண்டு, குரலை இறக்கி, வாக்கியத்தின் வாலை இழுத்து இழுத்து ஒரு பெண் குரலில் வாசித்தான். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவன் யோசிக்கவில்லை. வாயைத் திறந்ததும் அதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது.

"'இல்லை.' அடுத்தது, 'எண் மாறிவிட்டது, புது எண் தெரியவில்லை.' அடுத்தது, 'எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.' கடைசி, இதுதான் கிளைமாக்ஸ். 'அவர் வந்தால் எண்ணை வாங்கித் தருகிறேன். அதுவரை குழந்தையின் பெயரை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.'"

கொஞ்சம் நிறுத்தி, தன் சொந்தக் குரலில், "அவர் வந்தா எங்களுக்கும் ஒரு மிஸ்டு கால் குடுக்கச் சொல்லுங்கம்மா" என்றான்.

சுவர் அதிர்ந்தது. ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டெஸ்டர் மட்டும் கப்பைக் கழுவப் போனாள். அவன் தாளைப் பலகையில் குத்தினான்.

வாசிப்புக்கு நடுவே அவன் சட்டைப் பையில் போன் மூன்று தடவை அடித்தது. அக்கா. மூன்று தடவையும் பார்க்காமலே கட் பண்ணினான். ஆட்டம் சூடு பிடித்திருக்கும்போது யார் எடுப்பார்கள்? குறுஞ்செய்திகளும் வந்தன. அதை அவன் சட்டையே செய்யவில்லை. படிவத்தைச் சோதித்துப் பார்க்க எல்லோரும் அவன் எண்ணைத்தான் போடுவது வழக்கம். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது குறியீடு வந்து கொட்டும். சாயங்காலம் மொத்தமாக அழித்துவிடுவான்.

ஐந்தேகாலுக்கு, படிவம் மூடியாயிற்று என்று கைதட்டி முடித்த பிறகு, அக்காவைக் கூப்பிட்டான்.

"என்னக்கா, கூப்பிட்டியா?"

"சும்மாதான்டா. வேலையா இருந்தியா?"

"மீட்டிங்" என்றான், நாக்கு கூசாமல்.

"சரி சரி. ஒண்ணும் இல்ல. உன் போனுக்கு ஆறு நம்பர்ல ஏதாவது வந்திருந்தா அழிச்சிடு. தெரியாம உன் நம்பரப் போட்டுட்டேன்."

"எதுலக்கா?"

"பாப்பா ஃபார்ம்லதான். விடு, அதான் அஞ்சு மணி ஆயிடுச்சே. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"மாமா போடலையா? மாமா நம்பர் என்ன ஆச்சு?"

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுவது மட்டும் கேட்டது.

"மாமா நம்பர் மாறிடுச்சு. பாப்பா கூப்பிடறா, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

எண் மாறிவிட்டது. அவன் அந்த வார்த்தையை எங்கேயோ கேட்டமாதிரி இருந்தது. கேட்டமாதிரி என்ன, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவனே சொன்னதுதானே. போனை எடுத்துக் குறுஞ்செய்திகளைத் தள்ளினான். சோதனைக் குறியீடுகளுக்கு நடுவே, அச்சு அசலாக அவற்றைப் போலவே, படிவம் அனுப்பிய மூன்று குறியீட்டுச் செய்திகள். நாலு பத்து. நாலு இருபத்தைந்து. நாலு நாற்பத்தைந்து. ஒவ்வொன்றின் கடைசியிலும் விண்ணப்ப எண் இருந்தது. நானூற்றுப் பதினேழில் முடிகிற எண்.

அவன் பலகையைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

இடத்துக்கு வந்து பதிவேட்டைத் திறந்தான். புதன்கிழமை மதியத்திலிருந்து வெள்ளிக்கிழமை மதியம்வரை, விட்டு விட்டு ஏழு தடவை. குழந்தை தூங்குகிற நேரமெல்லாம். மாமாவுக்கு மாற்றலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. போய்விட்டார். எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. தம்பி, அம்மா, பக்கத்து வீடு என்று ஒருத்தரிடமும் சொல்லாததை அக்கா அந்தக் கட்டத்திடம் சொல்லியிருக்கிறாள். கட்டம் ஒவ்வொரு தடவையும் சிவப்பில் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறது: 'தந்தையின் கைபேசி எண்ணைச் சரியாக நிரப்பவும்.' அந்த வரியை எழுதியவனும் அவன்தான். 'சரியாக' என்ற வார்த்தையை அழுத்தத்துக்காகச் சேர்த்தது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.

கடைசியில் வேறு வழியில்லாமல் தம்பி எண்ணைப் போட்டிருக்கிறாள். போட்டுவிட்டுக் குறியீட்டைக் கேட்கக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் அவளை வாசித்துக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை.

வெட்கம் என்றால் என்னவென்று அவன் அதுவரை தெரிந்துகொண்டதில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பரீட்சையில் தோற்றது, மேடையில் தடுமாறியது எல்லாம் வெறும் கூச்சம். இது அந்த ரகம் இல்லை. அவனை யாரும் பார்க்கவில்லை என்பதால் அது குறைந்துவிடவும் இல்லை.

அப்போதும் அவன் செய்த முதல் காரியம் திருட்டுத்தனம்தான். மறைப்பானேன். உள்ளே இருக்கிற அட்டவணையைத் திறக்கிற சாவி அவனிடம் இருந்தது. படிவத்தையே சுற்றிக்கொண்டு போய், அக்கா மகள் பேரை நேராக உள்ளே எழுதிவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எழுதினான். குழந்தையின் பெயர், வயது, தாயின் எண். தந்தையின் எண்ணைக் காலியாக விட்டுச் சேர்க்கச் சொன்னான்.

அட்டவணை மறுத்துவிட்டது. இந்த இடம் காலியாக இருக்கக் கூடாது.

அவன் போட்ட இரண்டாவது பூட்டு. கையை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். என்ன எழுதுவது? அவன் எண்ணை எழுதினால் அப்பன் இடத்தில் தாய்மாமன். சைபர்களை எழுதினால் பொய். எழுதுவதற்கு ஒன்றும் இல்லாத கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்தது. அக்கா மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறாள்.

எழுதியதை அழித்துவிட்டு, வேறொன்று தேடினான். தந்தையின் எண்ணில் சிக்கி, கடைசிவரை உள்ளே போகாத விண்ணப்பங்கள் எத்தனை? அறுபத்து மூன்று. ஒவ்வொன்றாகப் பார்த்தான். 'இறந்துவிட்டார்.' 'சிறையில் இருக்கிறார், போன் அனுமதி இல்லை.' 'நான் பாட்டனார், நான்தான் வளர்க்கிறேன்.' 'தெரியாது.' 'தெரியாது.' 'தயவுசெய்து.' இதில் நாலைந்தை அவன் போன வெள்ளிக்கிழமையே வாசித்துக் காட்டியிருந்தான்.

எழுந்து டெஸ்டர் மேஜைக்குப் போனான். அவள் பையைத் தோளில் மாட்டிக் கிளம்பத் தயாராக இருந்தாள்.

"நீங்க அன்னிக்குச் சொன்னது சரி" என்றான்.

"என்னிக்கு? நான் தெனமும்தான் ஏதாவது சொல்லிட்டிருக்கேன்."

"அப்பா இல்லாத பிள்ளைங்க."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பையை இறக்கி வைத்தாள். "எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டாள். அவன் சொன்னான். "வாங்க, மேடம் கிளம்பறதுக்குள்ள போயிடலாம்" என்றாள். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை வரவில்லை. வந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

மேடம் தொண்டையைச் செருமினார். "அஞ்சு மணிக்கு மூடியாச்சு. திறக்கணும்னா கல்வி அலுவலகத்துக்கு எழுதணும். எழுதினா தப்பு நம்மளதுன்னு ஒத்துக்கணும். அறுபத்து மூணு பேர்ல பாதி சும்மா வெளையாட்டுக்குப் போட்டதா இருக்கும். அதெல்லாம் நெஜமான ஆளுங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கதவு திறந்திருந்தது. வெளியே நாலைந்து பேர் வீட்டுக்குப் புறப்படுகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது அவனுடையது இல்லை, அக்காவுடையது. அதைத் தராமல் மழுப்பிப் பார்த்தான். பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும் என்றான். மேடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"அதுல ஒண்ணு எங்க அக்கா" என்றான். "நாலு பதினேழு. சாயங்காலம் நான் படிச்சேனே, அது."

அக்கா எட்டு மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அரை நிமிஷத்தில் ஆபீஸ் நடுவில் போட்டு உடைத்தாயிற்று. டீ நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தவர் மெல்லப் போய், பலகையிலிருந்து தாளைக் கழற்றினார். கசக்கிப் போட மனம் வரவில்லை போலிருக்கிறது. நாலாக மடித்து அவன் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "யார் போட்ட விதின்னு கேப்பாங்க" என்றார், குரலைத் தணித்து.

"என் பேரையே எழுதுங்க மேடம்."

எழுதினார். சனிக்கிழமை மதியம் பதில் வந்தது. அந்த அறுபத்து மூன்று பேருக்கும் செய்தி அனுப்பி, ஞாயிறும் திங்களும் படிவத்தைத் திறந்துவைக்கலாம், குலுக்கல் செவ்வாய்க்கிழமை. சல்லடைக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. அதை அவன் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டான். விதியை மாற்றினான், பூட்டைக் கழற்றினான், சிவப்பு வரியை அழித்தான். டெஸ்டர் சனிக்கிழமை அன்று வந்து உட்கார்ந்து, அந்தக் கட்டத்தை முப்பது விதமாகக் காலியாக விட்டுப் பார்த்தாள்.

ஞாயிறு காலை அக்கா வீட்டுக்குப் போனான். இரண்டு அறை வீடு. சமையலறை மேடையில் மாமாவின் கப் இல்லை, கதவுக்குப் பின்னால் மாமாவின் சட்டை இல்லை, வாசலில் ஆண் செருப்பு இல்லை. இதற்கு முன்னால் நாலு தடவை வந்தும் இது எதுவும் அவன் கண்ணில் படவில்லை. எதிலும் ஓட்டை கண்டுபிடிக்கிற கண்ணாம் அவனுடையது. குழந்தை தரையில் கவிழ்ந்து படுத்து வீடு வரைந்துகொண்டிருந்தது.

"என்னடா திடீர்னு? சாப்பிட்டியா?"

"ஃபார்ம் திறந்திருக்குக்கா. உனக்குச் செய்தி வந்திருக்கும்."

"வந்துச்சு. எதுக்குன்னு புரியல. எனக்கு மட்டும் ஏன்?"

"போனை எடு. போட்டுடலாம்."

மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவள் முதல் கட்டங்களை மளமளவென்று நிரப்பினாள். எத்தனை தடவை நிரப்பிப் பழகியவை. தந்தையின் எண் வந்ததும் விரல் நின்றது. அவனைப் பார்க்காமல் திரையையே பார்த்தாள்.

"காலியா விடுக்கா" என்றான்.

அவள் திரும்பினாள். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது. காலியாக விட்டு அனுப்பினாள். குறியீடு அவள் போனுக்கே வந்தது. போட்டாள். விண்ணப்பம் பெறப்பட்டது என்று பச்சையில் ஒரு வரி வந்தது. சிவப்பு வருமோ என்று அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான்க்கா. கட்டாயம்னு ஒரு வார்த்தை இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"நீ செஞ்ச ஃபார்ம்னு சொன்னியா, அதான் அதுல தப்பு இருக்காதுன்னு நெனச்சேன். நான்தான் ஏதோ சரியாப் போடலன்னு நெனச்சுத் திரும்பத் திரும்ப..." அவள் போனைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். "அப்புறம் யாராவது ஒருத்தர் உக்காந்து படிப்பாங்கன்னு தோணுச்சு. அதான் எழுதினேன். மெஷினுக்குப் போய் யாராவது அதெல்லாம் எழுதுவாங்களா?"

இங்கேயே விட்டிருக்கலாம். படிக்கவில்லை, தானாகவே கண்டுபிடித்தேன் என்று ஒரு சப்பைக்கட்டு கட்டினால் அக்கா நம்பியிருப்பாள். எப்போதும் நம்புகிறவள்தான். மார்க் குறைந்தபோதும், சைக்கிளைத் தொலைத்தபோதும், அப்பா முன்னால் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்று, இந்த ஒரு தடவை விட்டுடுங்கப்பா என்று அவனுக்காகக் கேட்டது அவள்தான். நாலாக மடித்த தாள் அவன் சட்டைப் பையில் குத்திக்கொண்டிருந்தது.

"படிச்சோம்க்கா" என்றான். "டீ குடிக்கிறப்போ நான்தான் எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். நீன்னு தெரியாது. எல்லாரும் சிரிச்சாங்க. நானும். அப்புறம் தெரிஞ்சப்போ, ஃபார்மைத் திறக்கணும்னு, உன் விஷயத்தையும் அவங்ககிட்ட சொல்லிட்டேன்."

அக்கா குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை வீட்டுக்கு இரண்டு ஜன்னல் போட்டுவிட்டு மூன்றாவதற்கு இடம் தேடியது.

"எதப் படிச்சப்போ சிரிச்சீங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அவன் சொன்னான். அவர் வந்தால் என்று அவள் எழுதியதையும், அதற்குத் தான் அடித்த ஜோக்கையும், ஒரு வார்த்தை விடாமல் சொன்னான்.

அவள் முழுதும் கேட்டாள். பிறகு, "சின்ன வயசுலேருந்தே நீ நல்லா பேசிக் காட்டுவே" என்றாள். "யார் குரல்லடா படிச்சே?"

அதுவரை அவன் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. இழுத்து இழுத்து முடிகிற அந்தக் குரல், குறுகின தோள். உலகத்தில் ஒருத்தர் கெஞ்சி அவன் கேட்டிருந்தது ஒரே ஒரு குரலில்தான். அதுவும் அவனுக்காகக் கெஞ்சியது.

"உன் குரல்லதான்க்கா" என்றான்.

அக்கா எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, அவனுக்கும் சேர்த்து டீக்குத் தண்ணீர் வைத்தாள். அதன் பிறகு அன்றைக்கு அவள் அவனிடம் எதுவும் கேட்கவில்லை.